இருபத்தைந்து நிமிட வெள்ளை

எட்டு புள்ளி இரண்டு.
அம்புக்குறி படுத்துக் கிடக்கிறது.
"போகலாம்" என்கிறாய்,
என்னிடமல்ல, கைபேசியிடம்.

அக்டோபர். பாடர்ன் ஏரிக்குள்
கல்குவாரி மலை தலைகீழாக நிற்கிறது.
உன் இடது மேற்கையில் நாணய அளவு சென்சார்.
அதன்மேல் நீ வெட்டி ஒட்டிய நீலப் பட்டை
ஒரு மூலையில் எழும்பி
கம்பளிச் சட்டையின் நூலையெல்லாம்
சேர்த்து வைத்திருக்கிறது.
நீச்சலுடைக்குள் ஒரு ஜெல் பாக்கெட்,
இடுப்புக் கயிற்றில் ஆரஞ்சு மிதவை.

முப்பத்தொரு வருடம் ஒரே படுக்கை, மெய்னிர்.
உன் ரத்தத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
நான் கரையில் நிற்பது
இந்த இரண்டு வருடமாகத்தான்.
அதற்கு முன் உன் விரல் நுனிகள் சல்லடை.
ரொட்டிமாவில்கூட அந்தப் புள்ளிகள் பதியும் என்பாய்.

முழங்கால். இடுப்பு.
வெல்ஷில் மட்டுமே அழகாக வரும்
ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு நீ இல்லை;
ஒரு தலை, ஓர் ஆரஞ்சு.

சிக்னல் இல்லை, என்கிறது திரை.
வீடெல்லாம் ஓடித் திரிகிற செய்திக்கு
ஒரு சாண் தண்ணீரைத் தாண்டத் தெரியவில்லை.
உன் தோலிலேயே குந்திக்கொண்டது.
கோடு அறுந்த இடத்துக்கு அப்பால்
வெள்ளை.

கார்டிஃபிலிருந்து லோவ்ரி:
அம்மாவோட கோடு எங்கே?
ஏரியில், என்று தட்டுகிறேன்.
அம்மா ஏரியில்னு தெரியும். கோடு எங்கே?

பள்ளிப் பேருந்துக் கண்ணாடியில்
தலை எண்ணிப் பழகியவன் நான்.
இன்று ஒரே தலை.
எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.
ஒன்று.
ஒன்று.
ஒன்று.

நாலு வீச்சு, மூச்சு. நாலு வீச்சு, மூச்சு.
ஒருமுறை ஐந்து.
ஏன் ஐந்து?

நடுவில் நின்றுவிட்டாய்.
என் வலது பூட்ஸ் கழன்றாயிற்று,
காலுறையில் ஈரம் ஏறியாயிற்று,
அப்போதுதான் கை ஆட்டினாய்.
உன்னருகே ஒரு நீர்க்காகம் முளைத்திருக்கிறது,
அவ்வளவுதான்.
நீ சிரிப்பது கேட்கவில்லை; தெரிந்தது.
நான் ஃப்ளாஸ்கைத் திறந்தேன்.
தேநீருக்குப் பால் போதாது என்று கவலைப்பட்டேன்.

கரையேறுகிறாய். உதட்டில் கற்பலகை நிறம்.
பல் தந்தியடிக்கிறது, தோள் உதறுகிறது.
குளிரா, குறைவா?
இரண்டும் ஒரே உடம்பை
ஒரே மாதிரிதான் உலுக்கும்.
"குளிர்தான்" என்கிறாய்.
சொல்லின் நடுவில் நாக்கு வழுக்குகிறது.

பெத்தெஸ்டா கடையில் ஒருநாள்
"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றபடியே
தக்காளி அடுக்கின்மேல் சரிந்தவள் நீ.
பாக்கெட்டைப் பல்லால் கிழித்து
உன் கன்னத்துக்குள் பிதுக்குகிறேன்.
திட்டிக்கொண்டே விழுங்குகிறாய்.

திரை விழிக்கிறது.
நடந்து முடிந்ததை
ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிக்கிறது.
ஏழு ஒன்பது.
ஏழு இரண்டு.
நான் பூட்ஸைக் கழற்றியபோது ஆறு எட்டு:
ஒரு குறையுமில்லை உனக்கு.
ஐந்து ஐந்து.
நான் பாலைப் பற்றிக் கவலைப்பட்டபோது
நாலு ஒன்று, அம்பு கீழ்நோக்கி.
இப்போது மூன்று ஆறு.
இதுவும் பத்து நிமிடப் பழைய சேதியாக இருக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு
அலாரம் கத்துகிறது.
கார் நிறுத்தத்துக் காக்கைகள் எழும்புகின்றன.
என் பயம் முழுக்க
தப்பான இடத்தில் நின்றிருக்கிறது.

துண்டுக்குள்ளிருந்து உன் குரல்:
"ரெண்டும்தான்."
கொஞ்சம் கழித்து, "பன்றிக்கறி ரொல் இருக்கா?"

லோவ்ரி: கோடு வந்துடுச்சு. அப்பா?
அப்பா?
பதில் தட்டப் பார்க்கிறேன்.
விரலெல்லாம் ஜெல் பிசுபிசுப்பு,
திரைக்கு என்னைத்
தெரியவில்லை.